விரும்பி வந்தவரும் விலைக்கு வந்தவர்களும்

அபுதாபியில் டிசம்பர் 16 அன்று நடந்த ஐபிஎல் ஏலத்தில், சர்வதேச ஆட்டம் ஒன்றில்கூட ஆடியிராத இரண்டு இளைஞர்களைத் தலா ரூ.14.20 கோடிக்கு எடுத்திருக்கிறது சென்னை சூப்பர் கிங்ஸ். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது இடக்கைச் சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீர், ராஜஸ்தானைச் சேர்ந்த 19 வயது விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா ஆகிய இருவருக்கும் அடிப்படை விலை ரூ.30 லட்சம்தான். இந்திய அணிக்கு இன்னும் ஆடாத வீரர்களுக்கு ஐபிஎல் வரலாற்றில் இவ்வளவு பெரிய தொகை இதற்கு முன் தரப்பட்டதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னதாக, 12 பருவங்கள் மஞ்சள் சீருடையில் ஆடிய ரவீந்திர ஜடேஜாவையும், அவருடன் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை அந்த அணி பெற்றிருந்தது.

கடந்த கோடையில் புள்ளிப்பட்டியலின் அடியில் முடித்த ஓர் அணிக்கு நல்ல வீரர்கள் வருவார்களா என்ற கேள்வி, மே மாதத்திலிருந்தே மயிலாப்பூர் டீக்கடைகள் முதல் தொலைக்காட்சி விவாதங்கள் வரை ஒலித்துக்கொண்டிருந்தது. கேள்வி இயல்பானது. ஆனால், ஐபிஎல் அமைப்பில் அது பாதிதான் பொருந்தும். வீரர்கள் தாமாக வருகிற வழி இங்கே மிகக் குறுகியது. அணிகள் அவர்களைக் கண்டறிந்து வாங்குகிற வழிதான் அகலமானது. முதல் வழியில் சென்னையின் ஈர்ப்பு சற்றும் குறையவில்லை என்பதைச் சாம்சனின் வருகை காட்டுகிறது. அந்த அணியின் உண்மையான பலவீனம் இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

சேப்பாக்கம் சரிந்த கோடை

2025 பருவத்தில் சென்னை ஆடிய 14 ஆட்டங்களில் வென்றவை நான்கு மட்டுமே. ஐந்து முறை கோப்பை வென்ற அணி, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. அதைவிட வலித்தது சேப்பாக்கத்தின் கதை. மும்பையை வீழ்த்தித் தொடங்கிய பிறகு, அந்த மைதானத்தில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. பெங்களூரு அணி 2008-க்குப் பிறகும், டெல்லி அணி 2010-க்குப் பிறகும் இங்கே வென்றன. ஹைதராபாத் சன்ரைசர்ஸ் முதல்முறையாக இங்கே வென்றது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் சென்னையால் எடுக்க முடிந்தது 103 ஓட்டங்கள்.

கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் பாதியில் விலகியது ஒரு காரணம். ஆனால், அது முதன்மையான காரணம் அல்ல. ஜெட்டாவில் 2024 நவம்பரில் நடந்த பெரிய ஏலத்துக்கு முன்பே ஐந்து வீரர்களைத் தக்கவைக்க ரூ.65 கோடியைச் சென்னை செலவிட்டிருந்தது. மீதமிருந்த ரூ.55 கோடியில் கணிசமான பங்கு, பெயரும் அனுபவமும் கொண்டவர்களுக்குச் சென்றது. ரூ.9.75 கோடிக்கு ரவிச்சந்திரன் அஸ்வின், ரூ.6.25 கோடிக்கு டெவன் கான்வே, ரூ.3.40 கோடிக்கு ராகுல் திரிபாதி எனப் பட்டியல் நீண்டது. 24 விக்கெட்டுகள் எடுத்த நூர் அகமது போன்ற விதிவிலக்குகள் உண்டு. எனினும், முதல் ஆறு ஓவர்களில் அடித்து ஆட ஆளில்லாமல் அணி திணறியது.

திணறலுக்கு விடை எங்கிருந்து வந்தது என்பது கவனத்துக்குரியது. பருவத்தின் நடுவே மாற்று வீரர்களாகச் சேர்க்கப்பட்ட ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகிய மூவரும் ஜெட்டா ஏலம் முடிந்தபோது எந்த அணியிலும் இல்லாதவர்கள். 17 வயது மாத்ரே, பெங்களூருவில் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தார். கோடிகள் கொட்டி எடுத்தவர்கள் செய்யாததை, எவரும் எடுக்காதவர்கள் செய்தார்கள். ஆக, பணமோ புகழோ சென்னைக்குக் குறைவாக இருக்கவில்லை. யாரை எடுப்பது என்ற கணிப்புதான் தவறியிருந்தது.

யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தோற்ற அணி நல்ல வீரர்களை ஈர்க்கத் தடுமாறுவது அமெரிக்க பேஸ்பாலில் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி. அங்கே ஆறு ஆண்டுகள் முதன்மை லீக்கில் ஆடி முடித்து, ஒப்பந்தமும் முடிந்த வீரர், தான் விரும்பும் அணியுடன் பேசலாம். பணம், ஒப்பந்தக் காலம், ஊர், பயிற்சியாளர், வெற்றி வாய்ப்பு என எல்லாவற்றையும் எடைபோட்டு அவரே முடிவெடுப்பார். 2024-ல் 121 ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் போன்ற அணிக்கு, முன்னணி வீரர் ஒருவரைத் தன் பக்கம் இழுப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த உரிமை எளிதில் கிடைத்ததல்ல. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கர்ட் பிளட், 1969-ல் தன்னைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருள் அல்ல என்று வழக்காடினார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்டவாழ்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நின்றது. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வேறு இரு வீரர்களின் வழக்கில் அளித்த தீர்ப்பு, பேஸ்பால் வீரர்களுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் வழியைத் திறந்தது.

ஐபிஎல் இதற்கு நேர்மாறான அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்டது. இங்கே வீரர் ஏலத்துக்குப் பெயர் கொடுக்கலாம், அடிப்படை விலையைக் குறிப்பிடலாம், அவ்வளவுதான். பத்து அணிகளில் எது கை உயர்த்துகிறதோ அதற்குத்தான் ஆட வேண்டும். ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தகுந்த காரணமின்றி விலகும் வெளிநாட்டு வீரருக்கு இரண்டு பருவங்கள் தடை. இங்கிலாந்தின் ஹாரி புரூக் அந்த விதியைச் சந்தித்தார். சிறிய ஏலத்தில் வெளிநாட்டு வீரரின் விலை எவ்வளவு ஏறினாலும் அவர் கைக்குச் சேரும் தொகைக்கு ரூ.18 கோடி என்ற உச்சவரம்பும் உண்டு. அபுதாபியில் ரூ.25.20 கோடிக்குப் போன கேமரூன் கிரீனுக்கு ரூ.18 கோடிதான் கிடைக்கும். எஞ்சியது வீரர் நலனுக்காகக் கிரிக்கெட் வாரியத்திடம் போகும்.

இந்த அமைப்புக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்க லீக்குகளில், பின்தங்கிய அணிகள் புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்க முன்னுரிமை பெறுகின்றன. ஐபிஎல்லில் அப்படியொரு சலுகை இல்லை. மாறாக, எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணப்பை. வரும் பருவத்துக்கு அது ரூ.125 கோடி. பணக்கார முதலாளி என்பதாலோ, கோப்பைகள் நிறைந்த அணி என்பதாலோ எவரும் சிறந்த வீரர்களை எல்லாம் அள்ளிக்கொள்ள முடியாது. ஏலக் கூடத்தில் சென்னையின் ஐந்து கோப்பைகளுக்கும் மதிப்பில்லை. கடைசி இடத்துக்கும் இழிவில்லை. கிரீனுக்காகச் சென்னை ரூ.25 கோடி வரை போனது. கையில் ரூ.64.30 கோடியுடன் வந்த கொல்கத்தா, ரூ.43.40 கோடியுடன் வந்த சென்னையைத் தாண்டிச் சென்றது. சென்னை விடுவித்த மதீஷ பதிரானாவையும் ரூ.18 கோடிக்கு அதே கொல்கத்தா எடுத்துக்கொண்டது. எந்த நகரில் ஆட விருப்பம் என்று அந்த இருவரிடமும் கேட்பதற்கு ஏலத்தில் இடமே இல்லை.

ஒன்பதாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு

வீரரின் விருப்பத்துக்கு ஐபிஎல் விட்டுவைத்திருக்கும் ஒரே சாளரம் பரிமாற்றம். அதற்கு வீரரின் சம்மதம் தேவை. 2025 பருவம் முடிந்ததிலிருந்தே சாம்சன் ராஜஸ்தானை விட்டு வெளியேற விரும்புகிறார் என்ற செய்திகள் வந்தபடி இருந்தன. 2021 முதல் அந்த அணியின் கேப்டனாக இருந்தவர் அவர். ராஜஸ்தான் முடித்தது ஒன்பதாம் இடத்தில். அவர் வந்து சேர்ந்திருப்பது பத்தாம் இடத்தில் முடித்த அணிக்கு. வெற்றி வாய்ப்பு ஒன்றையே கணக்கிடும் வீரர் இப்படி நகரமாட்டார்.

பேஸ்பாலில் தோற்ற அணிக்கு இல்லாத எது சென்னையிடம் இருக்கிறது? ஸ்டீபன் பிளெமிங் 2009 முதல் பயிற்சியாளராக நீடிக்கிறார். ஒரு தோல்விக்காகக் கேப்டனையும் பயிற்சியாளரையும் தூக்கியெறியும் பழக்கம் இந்த அணியில் இல்லை. 2020-ல் ஏழாம் இடம். அடுத்த ஆண்டே கோப்பை. 2022-ல் ஒன்பதாம் இடம்; அடுத்த ஆண்டே மீண்டும் கோப்பை. இத்தகைய வரலாறு உள்ள அணியில் ஒரு மோசமான பருவம் முடிவாகத் தெரியாது. மகேந்திர சிங் தோனிக்குப் பின் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கப்போவது யார் என்ற இடமும் திறந்திருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரரான சாம்சனுக்குச் சேப்பாக்கம் அயல்மண்ணும் அல்ல.

ஆனால் இந்த ஈர்ப்புக்குக் கொடுத்த விலை சிறிதல்ல. ஜடேஜாவின் கதை, ஐபிஎல்லில் வீரரின் விருப்பம் கடந்து வந்த தூரத்தையே சொல்கிறது. 2008-ல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் 19 வயது இளைஞராக அவர் இருந்தார். 2010-ல், ஒப்பந்த விதிகளை மீறி வேறு அணியுடன் தானே பேச்சு நடத்தியதற்காக ஓராண்டு தடை செய்யப்பட்டார். பேஸ்பால் வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையோடு செய்வதை, அவர் அன்று ஒப்பந்தத்தின் நடுவில் முயன்று தண்டனை பெற்றார். 2012-ல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை அவரை எடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவரே. இப்போது ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாக ஊதியம் குறைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்.

இதைத் துரோகம் என்று சொல்ல வேண்டியதில்லை. 37-ஐ நெருங்கும் ஆல்ரவுண்டரைக் கொடுத்து, 31 வயது விக்கெட் கீப்பரைப் பெறுவது அணிக்கணக்கில் நியாயமானதே. ஆனால், ‘குடும்பம்’ என்ற சொல்லைத் தன் அடையாளமாகப் பயன்படுத்திவரும் அணிக்கு அந்தச் சொல்லின் எல்லை எது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவுக்காகச் சென்னை கை உயர்த்தாதபோதே அது ஓரளவு தெரிந்திருந்தது.

அனுபவத்தின் மீதான பற்று

சென்னை அணி தெரிந்த முகங்களை நாடியதற்கு வலுவான காரணம் இருந்தது. இரண்டு ஆண்டு இடைநீக்கத்துக்குப் பின் 2018-ல் திரும்பியபோது, முப்பதைத் தாண்டியவர்கள் நிறைந்த அந்த அணியை ‘அப்பாக்களின் படை’ என்று கேலி செய்தார்கள். அந்த அப்பாக்கள் கோப்பையை வென்றார்கள். 2023-ல் அடிப்படை விலையான ரூ.50 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட அஜிங்க்ய ரஹானே, எவரும் எதிர்பாராத வேகத்தில் 326 ஓட்டங்கள் குவித்தார். மற்றவர்கள் கைவிட்ட மூத்த வீரருக்குத் தெளிவான ஒரு வேலையைக் கொடுத்து, அவரிடமிருந்து சிறந்ததைப் பெறுவது சென்னையின் கலையாகவே கருதப்பட்டது.

ஆனால் அதே 2023-ல் ரூ.16.25 கோடிக்கு எடுக்கப்பட்ட பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டு ஆட்டங்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரூ.14 கோடிக்கு எடுக்கப்பட்ட தீபக் சாஹர், காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கோப்பை கிடைத்ததால் இந்தப் பிழைகள் பேசப்படவில்லை. இதற்கிடையே இருபது ஓவர் ஆட்டமே மாறிவிட்டது. முதல் பந்திலிருந்தே அடிக்கும் இளைஞர்களை மற்ற அணிகள் மாநிலப் போட்டிகளிலும் வட்டார லீக்குகளிலும் தேடத் தொடங்கின. அமைதியாகத் தொடங்கிக் கடைசியில் அடிக்கலாம் என்ற பழைய பாடத்திலேயே சென்னை தங்கியிருந்தது. 2025-ன் கடைசி இடம், அந்தத் தாமதத்துக்கு வந்த வட்டி.

அந்த வகையில் அபுதாபி முடிவு ஒரு திருத்தம். கையிலிருந்த ரூ.43.40 கோடியில் ரூ.28.40 கோடியை, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, இரண்டு இளைஞர்கள் மீது வைத்திருக்கிறது. திசை சரியானதே, அளவு கேள்விக்குரியது. மாத்ரேயையும் பிரெவிஸையும் குறைந்த செலவில் கண்டெடுத்த அணி, அடுத்த கண்டுபிடிப்புக்கு ரூ.14.20 கோடி கொடுக்க நேர்ந்தது ஏன்? திறமையை எல்லோருக்கும் முன்பே பார்ப்பவர் குறைந்த விலையில் வாங்குகிறார். எல்லோரும் பார்த்த பின் வருபவர் போட்டி விலையில் வாங்குகிறார். சென்னை இன்னும் இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறது.

பக்கத்து மைதானம்

இந்த இடத்தில்தான் நகரத்தின் கேள்வி எழுகிறது. வரும் பருவத்துக்கான சென்னை அணியில் தமிழ்நாட்டு அணிக்காக ஆடும் வீரர் ஒரே ஒருவர், வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங். அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விஜய் சங்கரும் ஆந்த்ரே சித்தார்த்தும் விடுவிக்கப்பட்டார்கள். அபுதாபியில் எடுக்கப்பட்ட ஒன்பது பேரில் தமிழ்நாட்டவர் எவரும் இல்லை.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 2011 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தபோது 95 ஓட்டங்கள் எடுத்தவர் முரளி விஜய். முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை வீழ்த்தியவர், சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்த மேற்கு மாம்பலத்து அஸ்வின். சுப்ரமணியம் பத்ரிநாத்தும் அதே அணியில் இருந்தார். இதற்குப் பற்று மட்டும் காரணமல்ல, விதியும் காரணம். அப்போது இந்திய அணிக்கு ஆடாத உள்ளூர் வீரர்கள் ஏலத்துக்கு வரவில்லை. அணிகள் அவர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்தன. மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் தலைமையகம் கொண்டு, சென்னை லீக் கிரிக்கெட்டை நெடுங்காலம் ஆதரித்துவந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், அந்த லீக்கில் தினமும் பார்த்த இளைஞர்களையே தன் ஐபிஎல் அணிக்கும் கொண்டுவர முடிந்தது. 2014 முதல் அத்தகைய வீரர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து சென்னைப் பையன் சென்னைக்கு ஆடுவது தற்செயலாகிவிட்டது.

விதி மாறியது உண்மை. ஆனால், அருகிலிருந்து பார்க்கும் வசதி மாறவில்லை. அதைப் பிறர்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். 2025 பருவத்தில் 759 ஓட்டங்கள் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வென்ற சாய் சுதர்சன் சென்னைக்காரர். அவரை 2022-ல் ரூ.20 லட்சத்துக்கு எடுத்தது குஜராத் டைட்டன்ஸ். சாய் கிஷோர் 2020, 2021 ஆகிய இரு பருவங்களும் சென்னை அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். குஜராத்துக்குப் போய் 2025-ல் 19 விக்கெட்டுகள் எடுத்தார். சென்னை அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தி, இன்று கொல்கத்தாவின் முதன்மைச் சுழலர்.

மண்ணின் மைந்தர் என்பதற்காக இடம் தர வேண்டும் என்பதல்ல வாதம். விளையாட்டில் இடஒதுக்கீடு கேட்பது அந்த வீரர்களுக்கே இழுக்கு. வாதம் வேறு. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016 முதல் நடக்கிறது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு, சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் மட்டும் ஆடிய காலத்தில் இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த லீக் மரபு இந்தியாவின் வலுவான கிளப் கிரிக்கெட் மரபுகளுள் ஒன்று. ஞாயிறுதோறும் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் அந்த மரபின் அடிவேர்கள். பக்கத்தில் இருக்கும் இதையே பிறருக்கு முன் பார்க்க முடியாத கண், காஜியாபாத்திலும் ஜெய்ப்பூரிலும் எப்படி முந்திக்கொள்ளும் என்பதே கேள்வி.

இனி செய்ய வேண்டியது

சென்னை அணி இப்போது செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, ரூ.14.20 கோடியின் சுமையை அந்த இரண்டு இளைஞர்களின் தோளில் ஏற்றாமல் இருப்பது. நான்கு ஆட்டங்களில் தடுமாறினால் பழைய வழக்கப்படி ஒரு மூத்தவரைத் தேடிப் போகும் சபலம் வரும். அதை நிர்வாகம் அடக்க வேண்டும். கேப்டனுக்கும் பயிற்சியாளருக்கும் காட்டிய பொறுமையை இளம் வீரர்களுக்கும் காட்டுவதே உண்மையான சோதனை.

இரண்டு, திறமை தேடும் பணிக்கு ஆண்டு முழுவதும் இயங்கும் குழுவை வலுப்படுத்துவது. தன் ஊர் லீக்கிலிருந்து தொடங்கி, ஏலத்துக்கு ஓராண்டு முன்பே பெயர்களைக் கண்டறிந்து வைத்திருப்பது. ஏலக் கூடத்தில் கை உயர்த்தும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்கான வேலை முந்தைய பன்னிரண்டு மாதங்களில் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கிரிக்கெட் வாரியமும் சேர்ந்து சிந்திக்க வேண்டியது. சாம்சன் விரும்பி வந்தார். விரும்புவதற்கு அவருக்கு ஒரு வழி இருந்தது. அத்தகைய வழி, பெயர் பெற்ற சிலருக்கு மட்டுமே கிடைக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடி முடித்த எந்த வீரருக்கும், பணப்பை வரம்புக்குள், தன் அடுத்த அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரலாம். அப்படித் தந்தால் அணிகளின் சமநிலை குலைந்துவிடாது. வீரர்களை மதிப்போடு நடத்தும் அணிகளுக்கு நன்மையே கிடைக்கும். அந்தப் போட்டியில் சென்னை அஞ்ச வேண்டியதில்லை.

அதுவரை, வரும் கோடையில் மஞ்சள் சீருடையோடு சேப்பாக்கத்துக்குப் போகும் ரசிகர்கள் கோப்பையை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். பிரசாந்த் வீரும் கார்த்திக் சர்மாவும் பருவத்தின் கடைசி ஆட்டத்திலும் பதினொருவரில் இருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். இருந்தார்கள் என்றால், பத்தாம் இடம் இந்த அணிக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று கொள்ளலாம்.